மேய்ப்பனின் குரல்

"கண்ணைக் கட்டிட்டா பிள்ளைங்க கத்தாதா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

கறுப்புத் துணியைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது. "எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதாம்மா. சில பிள்ளைங்க எவ்வளவு பயந்தாலும் வாயைத் திறக்காது." இன்னும் ஏதோ சொல்ல வந்தார். வாசலில் ஆள் அரவம் கேட்டதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

சர்ச்சில் பிள்ளைகளுக்கான கோடை விடுமுறை வகுப்பு அடுத்த வாரம் ஆரம்பம். பாட்டும் கதையும் மற்றவர்கள் பாடு; பிள்ளைகள் கையால் செய்வதும் ஓடி ஆடுவதும் டீச்சர் பொறுப்பு. காகிதத் தட்டில் பஞ்சு ஒட்டி ஆட்டுக்குட்டி, ஐஸ் குச்சியில் வேலி, முடிவில் இந்தக் கண்கட்டு விளையாட்டு என்று திட்டம் போட்டிருந்தாள்.

ஆனால் இரண்டு நாளாக அவள் மனம் பஞ்சிலும் பசையிலும் இல்லை. சிட்டுவின் மேல்தான் இருந்தது.

சிட்டுவுக்கு எட்டு வயது. அம்மா தூரதேசத்தில் வேலை பார்ப்பதால் சித்தி வீட்டில் வளர்கிறாள். முந்தாநாள் சாயங்காலம் சித்தப்பாவின் பைக் வந்து நின்ற பிறகுதான், வகுப்பு ஏற்பாட்டுக்கு உதவ வந்து பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தவளைக் காணவில்லை என்று தெரிந்தது. டீச்சர் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். வாட்ச்மேனின் தகர ஷெட் சாத்தியிருந்தது. அவர் கதவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"சிட்டுவைப் பாத்தீங்களா?"

"இல்லைம்மா."

உள்ளேயிருந்து ஒரு சின்னத் தும்மல் கேட்டது.

வெளியே வந்த சிட்டுவின் முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. நேற்றும் அதே நேரம், அதே ஷெட்.

டீச்சர் நேராகச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். சிட்டுவுக்கு மட்டுமல்ல, சர்ச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் 'சித்தப்பா'தான். தச்சு வேலை செய்கிறவர். விளையாட்டுக்கு மரத்தில் ஆட்டுப்பட்டி அடித்துக் கொடுத்ததும் அவரே. விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகிப்போனது.

"குடிகாரப் பயலை வேலைக்கு வச்சது நம்ம தப்பு. நான் பாஸ்டர்கிட்ட பேசுறேன், நாளையோட ஆளைக் கிளப்பிடலாம். நீங்க மட்டும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. பொம்பளைப் பிள்ளை விஷயம்."

பிள்ளையைப் பெற்றவர்போல் பதறுகிறாரே என்று டீச்சர் நெகிழ்ந்துபோனாள். அவர் கூடவே இருக்கும் தைரியத்தில்தான் இன்றைக்கு ஒத்திகையே வைத்தாள்.

ஹாலின் நடுவில் பட்டி. கண்ணைக் கட்டிய பிள்ளைதான் ஆட்டுக்குட்டி. வீட்டிலிருந்து அழைத்துப்போக வந்தவர் ஒரு மூலையில் நின்று கூப்பிடுவார்; அவர் மேய்ப்பன். எதிர்மூலையில் ஒரு கள்ளனும் நின்று கூப்பிடுவான். குட்டி குரலை வைத்துத் தன் மேய்ப்பனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"கள்ளன் வேஷத்துக்கா ஆள் பஞ்சம்? அதோ நிக்குறாரே!" என்று சித்தப்பா கை காட்ட, ஹாலே சிரித்தது. வாட்ச்மேன் சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சொன்ன மூலையில் போய் நின்றார்.

நான்கைந்து குட்டிகள் தட்டித் தடவி அப்பாவிடமும் அத்தையிடமும் போய்ச் சேர்ந்தன. அடுத்தது சிட்டு. முடிச்சுப் போடும்போது அவள் கழுத்து குளிர்ந்திருந்ததை டீச்சர் உணர்ந்தாள்.

"டீச்சர், யாருகிட்ட வேணா போலாமா?"

"எந்தக் குரலை நம்புறியோ அங்க போ, கண்ணு."

"சிட்டுக்குட்டி! இங்க வாடா செல்லம்!" தேன் ஒழுகக் கூப்பிட்டார் சித்தப்பா.

சிட்டு நட்டு வைத்ததுபோல் நின்றாள். பிறகு ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தாள். டீச்சர் எதிர்மூலைக்குச் சைகை காட்டினாள்.

"பாப்பா..." கரகரத்த குரல். ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டார்.

சிட்டு ஓடினாள். நாற்காலி இடறி விழுந்தாள். எழுந்து மறுபடி ஓடினாள். கைக்கு அகப்பட்ட காக்கிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, ஆடு கள்ளன்கிட்டயே போயிடுச்சு!" சித்தப்பா சிரித்துக்கொண்டே அவர்களை நோக்கி நடந்தார். "போதும் விளையாட்டு. வா, வீட்டுக்குப் போலாம்."

அந்தச் செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க, சிட்டு வாட்ச்மேனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. பாய்ந்து போய், "முதல்ல அவ மேலேருந்து கையை எடுங்க!" என்று கத்தினாள்.

வாட்ச்மேன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அவர் அவளைத் தொடவே இல்லை. அவள்தான் அவரைப் பிடித்திருந்தாள்.

டீச்சர் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். துணி தொப்பலாக நனைந்திருந்தது. கட்டை எடுத்த பிறகும் சிட்டு கண்ணைத் திறக்கவில்லை. தடவித் தடவி டீச்சரின் காதைத் தேடி, உதட்டை ஒட்டிவைத்துச் சொன்னாள்:

"இன்னைக்காவது என்னைச் சித்தப்பாகூட அனுப்பாதீங்க, டீச்சர்."