சமத்துவம் என்ற ஆட்டின் ஜாக்கி

பிரான்சில் மக்கள் ராஜாவை ஒழித்துக்கட்டிய புதிதில், பாரிஸ் சாராயக்கடை ஒன்றின் சீட்டுக்கட்டையும் புரட்சி விட்டுவைக்கவில்லை. கடைக்காரர் ராஜா சீட்டின் கிரீடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, 'அறிவு' என்று எழுதினார். ராணிக்கு 'சுதந்திரம்' என்று பேர். ஆட்டின் ஜாக்கிச் சீட்டுக்கு 'சமத்துவம்'.

ஜாக்கிக்குத் தலைகால் புரியவில்லை. காலமெல்லாம் ராஜாவுக்கு எடுபிடியாக நின்றவன் அல்லவா! "இனிமே உமக்குக் கும்பிடெல்லாம் கிடையாது" என்று ராஜாவிடமே சொல்லிவிட்டான்.

"அப்போ நானும் உங்களுக்குச் சமமாண்ணே?" என்று கேட்டது, சீட்டுக்கட்டிலேயே சின்னச் சீட்டான ரெண்டு.

"பின்னே? நாம எல்லாரும் ஒண்ணுடா தம்பி!" என்று அதைக் கட்டிக்கொண்டான் ஜாக்கி.

ஆட்டம் தொடங்கியது. ஜாக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேஜையில் இறங்கினான். எதிராளி அவனைவிடப் பெரிய சீட்டாகப் பார்த்து வீச, சொத்தென்று அவன்மேல் வந்து விழுந்தார் பழைய ராஜா.

"யோவ், நான் சமத்துவம்யா!" என்று கீழேயிருந்து கத்தினான் ஜாக்கி.

"பார்த்தேன். எழுத்து அழகா இருக்கு" என்றார் ராஜா. "காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ."

ஜாக்கி கொதித்துப்போனான். இன்னொரு புரட்சி வந்தாலொழிய இந்த அநியாயம் தீராது என்று, மறுபடி சீட்டைக் கலைக்கும்போதுகூடப் பொருமிக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஆட்டத்தில் மேஜைமேல் ரெண்டு கிடந்தது. ஜாக்கி போய் அதன்மேல் விழுந்தான்.

"அண்ணே, நசுங்குது! எல்லாரும் ஒண்ணுன்னு சொன்னீங்களே!"

ஜாக்கி அசைந்து அசைந்து வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

"இப்போ இல்லேன்னு யாருடா சொன்னா?" என்றான். "காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ."