ஸ்டெப்னிக்கு ஒரு சீட்

மகளுக்கும் முன்னதாக ஸ்டெப்னிக்குத்தான் சீட் பெல்ட் போட்டுவிட்டார் ஏஜென்ட்.

போடாவிட்டால் கார் விடாது. பின் சீட்டில் ஏறிய டயரின் கனத்தைப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடும். பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, டயரை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

பக்கத்தில் மகள். மடியில் பக்கெட், பக்கெட்டுக்குள் சோப்பு, செருப்பு, மேசை விளக்கு. முதல் முறையாக வீட்டை விட்டு ஹாஸ்டலுக்குப் படிக்கப் போகிறாள். அவளுடைய மெத்தைக்குக் காரில் இடம் இல்லாமல் போய்விட்டது.

"மெத்தை எங்க வேணா கிடைக்கும். இந்த டயர் கிடைக்குமா?" என்றார் ஏஜென்ட்.

முன் சீட்டில் இருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மனிதர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். தீ, வெள்ளம், மாரடைப்பு என்று ஊரையே பயமுறுத்திக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அப்படிப்பட்டவர் ஆசையாக வாங்கிய எலெக்ட்ரிக் காரில் ஸ்டெப்னியே இல்லை. பேட்டரி இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டதாம். அதற்குப் பதிலாக, ஓட்டையை அடைக்க ஒரு பாட்டில் பசையும், காற்றடிக்கக் குட்டியாக ஒரு பம்பும் கொடுத்திருந்தார்கள்.

அதுவே போதும் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பசையை நம்பிப் பெண்ணை ஏற்ற முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்து டயர் கடைகளாக ஏறி இறங்கினார். ஒன்று ஒல்லி என்றார். இன்னொன்று பேட்டரி கனத்தைத் தாங்காது என்றார். மூன்றாவதன் முகமே பிடிக்கவில்லை என்றார். அவசரத்துக்குச் சின்ன டயர் போதும் என்று நல்லது சொன்ன கடைக்காரரிடம் சண்டை போட்டு, முழு அளவு டயரை ரிம்மோடு தூக்கிக்கொண்டு வந்தார். அது டிக்கியில் பெட்டிகளோடு ஒத்துப்போகவில்லை. டயர் பின் சீட்டுக்கு ஏறியது. பம்பு மனைவியின் காலடிக்கு வந்தது.

மகளைப் பிரியப் போவதைப் பற்றி வாயைத் திறந்தாரா? ம்ஹூம். மகள் துணிமணிகளை மடித்து வைத்த அன்று, டயருக்கு ஓர் உறை தைத்துத் தரச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பூப்போட்ட திரைத்துணியில் தைத்துக் கொடுத்தாள் மனைவி.

கார் கிளம்பியது. வழியில் அழக்கூடாது என்று மனைவி முடிவு செய்திருந்தாள். மகளும் அப்படித்தான் போலிருக்கிறது, ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஏஜென்ட் மட்டும் கண்ணாடி வழியே பின் சீட்டைப் பார்த்தார். இப்போதுகூட டயரைத்தான் பார்க்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹாஸ்டலில் மகளுக்குக் கீழ்த்தளத்தில் கடைசி அறை. காரில் விட்டுவிட்டுப் போனால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று டயரையும் உருட்டிக்கொண்டே உள்ளே வந்தார். வார்டன் ஏதோ கேட்க வாயெடுத்தார். பூப்போட்ட உறையைப் பார்த்ததும் என்ன கேட்பதென்று தெரியாமல் வழிவிட்டார்.

கிளம்பும்போது, "கதவைத் தாழ் போட்டுக்கோ" என்றார் மகளிடம். பெற்ற பெண்ணுக்கு அவ்வளவுதான். மனைவி திரும்பிப் பார்க்காமல் வந்து காரில் ஏறினாள். பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பாள்.

முதல் திருப்பம் தாண்டியதும் ஏஜென்ட் காரை ஓரம் கட்டினார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று முனகிக்கொண்டே இறங்கிப் பின்னால் போனார்.

அப்போதுதான் அவள் பின் சீட்டைப் பார்த்தாள். காலி.

டயர் மகளின் அறையிலேயே நின்றுவிட்டது. தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். அவர் போய் டயரை மறப்பாரா?

என்ஜின் சத்தம் இல்லாத கார். வெளியே எது நடந்தாலும் உள்ளே கேட்கும்.

பின்பக்கத்திலிருந்து 'உஸ்ஸ்' என்று கேட்டது. நிதானமாக, நீளமாக. கார் அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

ஏஜென்ட் வந்து ஜன்னலோரம் நின்றார். விரலெல்லாம் கரி.

"பஞ்சர்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஸ்டெப்னி வேற அங்கேயே நின்னுடுச்சு. பொண்ணைத்தான் எடுத்துட்டு வரச் சொல்லணும்."

அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள், டயரில் காற்றடிக்கும் இடத்தை மூடுகிற குட்டி மூடி கறுப்பாகத் தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் கூடவே வந்தது. கண்ணாடியில் இந்த மனிதர் எதைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

பம்பு காலடியிலேயே கிடந்தது. பட்டனை அழுத்தினால் போதும், கொஞ்ச நேரத்தில் காற்று ஏறிவிடும்.

அதைக் குதிகாலால் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மகளுக்கு ஃபோன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் மகள், மூக்கடைத்த குரலில்.

"கார் பஞ்சர் கண்ணு. அந்த டயரை உருட்டிக்கிட்டு வா. அப்பா மாத்தி முடிக்க ரொம்ப நேரமாகும்... ராத்திரி சாப்பாட்டுக்கு வரமாட்டேன்னு வார்டன்கிட்ட சொல்லிட்டே வந்துடு."