படுதாவுக்கு அந்தப் பக்கம்

மாலை ஆறேகால் மணி. டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம் மூன்று பேர். வக்கீல் பாலசுப்பிரமணியன் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். அந்த மூவரிலும் ஒருத்தி முறுக்கு விற்க வந்தவள்.

செஞ்சியில் முதல் தடவையாக உலகத் திரைப்பட விழா. செயலாளர் அவர்தான். படப்பெட்டிகளை அனுப்பிய சென்னைச் சங்கத்தார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: "பெண்களும் வந்து பார்த்தால்தான் அடுத்த வருஷம் உங்க ஊருக்குப் படம்."

ஆண்கள் பக்கம் உட்கார இடமில்லை.

இடைவேளையில் பஷீர் அகமது வந்தார். பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர்.

"வக்கீல் சார், நாளைக்கு பொம்பளைங்க பக்கம் படுதா கட்டிடலாமா? படம் நல்லாத் தெரியும். ஆம்பளைங்க கண்ணு மட்டும் படாது. வாடகை வாணாம்."

வக்கீலுக்குச் சுருக்கென்றது.

"இன்னா பாய் இது? திறந்த மனசோட படம் பாருங்கன்னு மைக் போட்டுப் பேசறேன். நீங்க படுதா கட்டச் சொல்றீங்க! உங்க வீட்டு கோஷா வழக்கத்துக்காக ஊரையே மூடணுமா?"

"எங்க வூட்ல மெஹர் பானு ஒருத்திதான் சார். மீதி எல்லாம் கடைத்தெரு, கோயில் தெரு ஆளுங்க. படுதா இருந்தா வர்றோம்னு அவகிட்ட சொல்லி அனுப்பிச்சிருக்காங்க."

"யார் யாரு?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் படுதா எதுக்கு சார்?"

வக்கீல் யோசித்தார். காலியாகக் கிடந்த பெஞ்சுகளைப் பார்த்தார். "சரி, கட்டுங்க" என்றார்.

"உங்க வூட்ல வரலியா சார்?"

"நீலாவதியா? அவளுக்கு இதெல்லாம் புரியாது பாய்."

பஷீர் லேசாகச் சிரித்துக்கொண்டே படுதாவுக்கு அளவெடுக்கப் போனார்.

மறுநாள் படுதா கட்டியாயிற்று. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் அம்மாக்கண்ணு ஓடி வந்தாள்.

"உள்ள கால் வெக்க எடமில்ல சார்! தரையில எல்லாம் உக்காந்துட்டாளுங்க."

வக்கீலுக்கு மூச்சு வந்தது. யார் யாராக இருக்கும் என்று படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு யூகோஸ்லாவியப் படம். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற ஒரு பெரிய மனிதர். வீட்டில் காத்திருக்கும் மனைவி. கடைசியில் அவள், எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறாள்.

விளக்கு போட்டதும் விவாதம் ஆரம்பித்தது.

"அடுப்பை ஏன் அணைச்சா?" என்று கேட்டார் வக்கீல்.

"திமிரு!" என்றார் மளிகைக்கடை சொக்கலிங்கம்.

"அவளுக்குப் பசிக்கல போலருக்குது!" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு.

வக்கீல் மைக்கைப் பிடித்து முடித்து வைத்தார். "படிப்பில்லாத பொம்பளை. புருஷனோட லட்சியம் அவளுக்குப் புரியல. அவ்வளவுதான் விஷயம்."

படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"புரியலைன்னு நீங்களா எப்படிச் சொல்றீங்க? படம் பூரா அந்த மனுஷன் ஒரு வாட்டியாவது 'நீயும் வா'ன்னு அவளைக் கூப்ட்டாரா?"

படுதாவுக்குள் கைதட்டல். வளையல் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"யாரு வூட்டுப் பொம்பளப்பா இது? வக்கீலையே மடக்குது!" என்றார் சொக்கலிங்கம்.

வக்கீல் மைக்கைக் கீழே வைத்தார். பதினோரு வருஷமாக அவர் கேட்டு வரும் குரல் அது. 'சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா' என்பதற்கு மேல் அது பேசி அவர் கேட்டதில்லை.

1967 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, செஞ்சியில் இரண்டாவது திரைப்பட விழா தொடங்கியது. பஷீரிடம் சொல்லிப் படுதா கட்ட வைத்தவர் வக்கீலேதான். நீலாவதி படுதாவுக்கு வெளியே, முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.