உயரம் பத்தாது

"உயரம் பத்தாதுங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

நீர்ச்சறுக்கின் வாசலில் கழுத்தில் விசிலோடு நின்றவர் இதைச் சொன்னதும், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. உச்சி வெயிலில் வரிசையில் நின்று நின்று கால் கடுத்தது வேறு. இருவர் உட்காரும் அந்த ரப்பர் மிதவையில் அப்பாவும் மகளும் சறுக்கி வருவதைப் படம் எடுத்து, கொழுந்தன் வீட்டுக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று போனைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். கொழுந்தனின் பிள்ளைகள் போன மாதம் இதே சறுக்கில் போய்விட்டு வந்து அடித்த பீற்றல் கொஞ்சநஞ்சமில்லை.

"எங்கே பத்தலை? டால்பின் மூக்குக்கு மேலதானே தலை நிக்குது?"

வாசலில் ஒரு மர டால்பின் வாலை ஊன்றி நின்றது. அதன் மூக்கை எட்டும் பிள்ளைகள் பெரியவர் ஒருவரோடு சறுக்கலாம் என்று அருகிலேயே எழுதியிருந்தது. மகளின் உச்சந்தலை மூக்கைத் தாண்டி நின்றது. இடுப்பிலிருந்த குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

"செருப்பு போட்டிருக்குதே," என்றார் விசில்காரர்.

செருப்பைக் கழற்றச் சொன்னாள். அப்போதும் தாண்டியது.

"அது முடிங்க. முடியை அமுக்கிட்டா பத்தாது."

"முடியைக் கழிச்சுட்டு ஆளை அளக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன். உங்க தலையில ஒண்ணும் இல்லைங்கிறதுக்காக ஊரே மொட்டை அடிச்சுட்டு வரணுமா?"

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். வழுக்கையைத் தடவிக்கொண்டாரே தவிர, விசில்காரர் நகரவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார்.

இந்தக் கடற்கரை நகரத்துக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். மீன் காட்சியகத்தில் சுறா பாறைக்குப் பின்னால் தூங்கியது. கண்ணாடித் தளம் போட்ட படகில் கலங்கிய தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிளி சைக்கிள் ஓட்டும் என்றார்கள். போனால் கிளிக்கு உடம்பு சரியில்லை. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் ஆசையில் மண் போடுவதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. சற்று முன்புகூட மகள் வரிசையை விட்டு முன்னால் ஓடிப்போய் இந்த மனிதரிடம் என்னவோ கெஞ்சலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகும் திருப்பி அனுப்ப எப்படித்தான் மனசு வருகிறதோ.

"விடும்மா," என்றார் கணவர், மிதவையை மார்போடு அணைத்தபடி. "பத்தலைன்னா பத்தலை. பொம்மை ரயில்ல போய்க்கலாம்."

"நீங்க பேசாம இருங்க." விசில்காரரிடம் திரும்பினாள். "இவர் யார் தெரியுமா? மலைப்பாதையில பஸ் ஓட்டுறவரு. கொண்டை ஊசி வளைவெல்லாம் இவருக்குக் கொல்லைப்புறம் மாதிரி. ஆனா பொண்டாட்டி பிள்ளைக்காக ஒரு வார்த்தை கேட்கணும்னா மட்டும் நாக்கு மேல் அண்ணத்துல ஒட்டிக்கும். கூப்பிடுங்க உங்க மேலாளரை."

மேலாளர் குடையோடு வந்தார். மகளை டால்பினோடு ஒட்டி நிற்க வைத்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். அவர் முகம் கறுத்தது.

"ஏம்பா, கண்ணை எங்கே அடகு வெச்சே? நல்லா வளர்ந்த பிள்ளைங்களையெல்லாம் குள்ளம்னு திருப்பி அனுப்பறியாமே. நேத்தும் ஒருத்தர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனார். வர்றவங்களை விரட்டுறதுக்கா உன்னை இங்கே நிறுத்தியிருக்கேன்? விசிலைக் கழட்டிக் குடு. நாளையிலிருந்து வர வேண்டாம்."

விசில்காரர், டால்பினோடு ஒட்டி நின்ற மகளை ஒருமுறை பார்த்துவிட்டு விசிலைக் கழற்றினார்.

அம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது. கேட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்று கணவருக்கு இப்போதாவது உறைக்கட்டும். "போங்க, ரெண்டு பேரும் ஏறுங்க," என்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

மகள் ஏறவில்லை. டால்பினைக் கட்டிக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள்.

"அந்த மாமாவை வேலையை விட்டு அனுப்பாதீங்க. நான்தான் உயரம் பத்தாதுன்னு சொல்லச் சொன்னேன்."

"என்னடி உளறுறே?"

"நமக்கு முன்னால நின்ன அக்கா சொன்னாம்மா. பயமா இருந்தா மாமா காதுல ரகசியமா சொன்னாப் போதுமாம். உயரம் பத்தாதுன்னு அவரே சொல்லித் திருப்பி அனுப்பிடுவாராம். வீட்ல யாரும் திட்ட மாட்டாங்களாம்."

மேலாளரின் கை விசிலோடு பாதியில் நின்றது. அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த மனிதரை எத்தனை பேச்சுப் பேசிவிட்டாள். கோபம் மொத்தமும் மகள் மேல் திரும்பியது.

"பயமா இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"எனக்கு எதுக்கும்மா பயம்?" மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து ராட்டினத்துல கண்ணையே திறக்காம என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடுங்குனது அப்பாதான். உன்கிட்ட சொன்னா நீ சித்தப்பா வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பியே."