இறங்காத எடை

பறந்து வந்த சில்வர் தட்டு பூர்ணிமாவின் நெற்றியில் மோதித் தெறித்தது. இட்லி ஒரு மூலை, சாம்பார் ஒரு மூலை. புருவத்துக்கு மேலே பிளந்து, ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மறைத்தது.

"தொண்டையில அடைக்குதுன்னு தெரியும்ல? தெரிஞ்சிக்கிட்டே இட்லியக் கொண்டாந்து வெக்கிறியா?"

கமலக்கண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நூற்று அறுபது கிலோ உடம்பு. அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்து உருண்டது.

போன வருஷம் சென்னையில் அவன் இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு வளையம் மாட்டினார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், தானாக இளைப்பான் என்றார்கள். முதலில் மளமளவென்று இளைக்கவும் செய்தான். அப்புறம் என்ன ஆனதோ, போன எடையெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

பூர்ணிமா நழுவப் பார்த்தாள். அதற்குள் அவள் கூந்தல் அவன் கையில் சிக்கியது. ஒரே இழுப்பு. கொத்தாக முடி அவன் விரல்களோடு போக, அவள் திமிறிக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஓடினாள்.

"எங்கடி ஓடுவ? தவளக்குப்பத்துல ஒங்கண்ணன் வூட்டுக்கா? அவனே ஒன்னக் கொண்டாந்து வுட்டுட்டுப் போனவன்தான!"

துரத்திக்கொண்டு ஏறியவனுக்குப் பாதிப் படியிலேயே மூச்சு இரைத்தது. சுவரில் சாய்ந்து நின்று, கைக்கு எட்டிய பூந்தொட்டியை மேலே வீசினான். அது அவள் காலடியில் விழுந்து சிதறியது.

"எறங்கி வாடி! இன்னிக்கு ஒன்னக் கொல்லாம வுட மாட்டேன்!"

சமையலறையிலிருந்து அவனுடைய அம்மா செல்வாம்பாள் வந்தாள். மருமகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையில் பெரிய டம்ளர் நிறைய பாதாம் பால். சர்க்கரை கரையாமல் அடியில் தங்கியிருந்தது. மேலே நெய் மிதந்தது.

"கத்தாத கண்ணு, நெஞ்சு அடிச்சிக்கும். வந்து இதக் குடி."

அவன் இறங்கி வந்து ஒரே மூச்சில் குடித்தான். அவள் மறுபடியும் ஊற்றினாள்.

மாடியிலிருந்து பூர்ணிமாவின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "ஊத்துங்க அத்தை, நல்லா ஊத்துங்க! எம் மண்ட ஒடஞ்சி ரத்தம் கொட்டுது. ஒங்க புள்ளைக்குப் பாதாம் பாலா? நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?"

செல்வாம்பாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அன்று மாலை அம்மாவும் மகனும் டாக்டர் தேவதாஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளையம் நகரல, ஓட்டை விழல. அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. என்ன சாப்பிடுறீங்க?"

"சாப்பாடு எங்க சார் எறங்குது? எங்கம்மா குடுக்குற பாலு, பாயசம்தான். இந்த வளையத்தத் தூக்கிக் கடாசிட்டு வேற எதனா பண்ணுங்க." கமலக்கண்ணன் மேஜையைக் குத்தினான். பேனா ஸ்டாண்ட் குதித்து விழுந்தது. "வூட்ல ஒருத்தி என்னப் பாத்து இளக்காரமா நிக்கிறா சார். எனக்கு ஒடம்பு எறங்கியே ஆவணும்."

நர்ஸ் வந்து ரத்தப் பரிசோதனைக்கு அவனை அழைத்துப் போனாள். கதவு சாத்தியதும் டாக்டர் செல்வாம்பாளைக் கோபமாகப் பார்த்தார்.

"ஏம்மா, இப்படித் தண்ணியா இனிப்பு குடுத்தா அது வளையத்துக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போயிடும். எடை எப்படிக் குறையும்? பாசம்னு நினைச்சு விஷம் குடுத்திருக்கீங்க."

"தெரியும் டாக்டர்." அவள் தலை குனிந்திருந்தது. "இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்லீவ். இரைப்பையில பெரும்பகுதிய வெட்டி எடுத்துட்டுக் குழாய் மாதிரி ஆக்கிடுவோம். ஆனா நீங்க மறுபடி பாலும் பாயசமும் குடுத்தா, அதுலயும் எடை ஏறிடும். இன்னொண்ணு, பைபாஸ். சாப்பாடு குடல்ல ஒரு பகுதியத் தாண்டிப் போயிடும். அதுல இனிப்பு குடிச்சா வாந்தி, படபடப்பு, மயக்கம்தான். குடிக்கவே பயப்படுவாரு. எடை சர்ருன்னு இறங்கும். நான் பைபாஸ்தான் சொல்வேன்."

"ஸ்லீவே பண்ணிடுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "நான் சொன்னது புரியலையா? பைபாஸ் பண்ணா ஒரு வருஷத்துல உங்க பையன் பீச் ரோட்டுல ஓடுவாரும்மா!"

செல்வாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் அழுகை பீறிட்டது.

"வளையம் போட்ட புதுசுல இளைச்சான் டாக்டர். அப்ப ஒரு நாளு மாடி வரைக்கும் ஏறிட்டான். அவன் பொண்டாட்டிக்கு அப்ப மூணு மாசம். ஓட எடமில்லாம மூலையில ஒக்காந்தவள வயித்துலயே ஒதைச்சான். கொழந்தை தங்கல. அன்னிலேருந்துதான் எங்கையால பால் காய்ச்சிக் குடுக்குறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"அவன் ஓட ஆரம்பிச்சா, எம் மருமவ எங்க ஓடுவா டாக்டர்?"