இருபத்திரண்டு டிகிரி

அட்டைப்பெட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள் அவர் மகள்.

அவள் அப்பா, என் எதிராளி, செத்து ஒரு மாதம் ஆகிறது. பதினெட்டு வருடமாக நான் எழுதிய கடிதங்களை ஒன்று விடாமல் வைத்திருந்தாராம். என்னிடமே சேர்த்துவிடச் சொன்னாராம்.

நாங்கள் இரண்டு பேரும் நிலவியலாளர்கள். நேரில் பார்த்ததே இல்லை. சண்டை ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஏரிப்பகுதியை ஆதியில் தோண்டிய பனியாறு, வடக்கு மலையின் எந்தக் கணவாய் வழியாக இறங்கியது?

கிழக்குக் கணவாய் என்றேன் நான். மேற்கு என்றார் அவர்.

நகரும் பனி, பாறையில் கீறல் போட்டுவிட்டுப் போகும். கீறலின் திசையை அளந்தால் பனி வந்த வழி தெரியும். நான் நாற்பத்தொரு பாறைகளை அளந்தவள். அதை வைத்துத்தான் எனக்குப் பட்டம், வேலை, இந்த அறை எல்லாம்.

அவரோ அரைத்த மாவையே அரைத்தார். ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடியும். 'ஒரே ஒரு பாறையை மட்டும் மறுபடி அளந்து பாருங்களேன்.'

மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சல் வரும். வெடுக்கென்று பதில் எழுதிப் போடுவேன். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு உண்டு என்று கடைசியாக எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவருக்கு அதை மகள்தான் படித்துக் காட்டினாளாம். சிரித்தாராம்.

மற்ற கடிதங்களை அவள் பிரித்ததே இல்லையாம். பல் டாக்டர். பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றாள்.

பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்தது என் இரண்டாவது கடிதம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆய்வேட்டைக் கொடுக்க ஒன்பதே நாள். இதில் ஒரு தப்பு இருந்தாலும் படிப்பை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று, முன்பின் தெரியாத மனிதரிடம் புலம்பியிருக்கிறேன். கூடவே அளவுகளின் முழு அட்டவணை. காம்பஸ் காட்டிய எண் ஒரு பக்கம், நான் திருத்திய எண் மறுபக்கம். காம்பஸ் எண்களை அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் அனுப்பியதில்லை.

ஓரத்தில் பென்சிலில் ஏதோ கணக்கு.

காம்பஸ் முள் நேர்வடக்கைக் காட்டாது. எங்கள் பகுதியில் பதினோரு டிகிரி மேற்கே விலகி நிற்கும். அதைக் கழிக்க வேண்டும்.

நான் கூட்டியிருக்கிறேன்.

நாற்பத்தொரு பாறைக்கும் கூட்டியிருக்கிறேன். எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, எனக்கும்தான்.

அவர் முதல் பாறைக்கு மட்டும் கழித்துப் பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு டிகிரி வித்தியாசம். மேற்குக் கணவாய்.

கீழே தேதி. என் கடிதம் கிடைத்த வாரம்தான். அதற்கும் கீழே ஒரு வரி: 'இப்போது வேண்டாம். தானே கண்டுபிடிக்கட்டும்.'

எனக்குக் கோபம் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே.

கடிதத்தை மடித்து உள்ளே வைத்தேன். பென்சில்தான், ரப்பர் வைத்துத் தேய்த்தால் போய்விடும். இதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இல்லை.

கூட வேலை பார்த்தவர்கள் அப்பாவை வறட்டுப் பிடிவாதக்காரர் என்று கேலி செய்வார்கள் என்றாள் மகள். அவர் வாயே திறக்க மாட்டாராம். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு,

"அப்பா உங்ககிட்ட ஒரு தடவையாவது ஜெயிச்சாரா மேடம்?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நன்றி சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துப் போயிருப்பாள்.

"ரெண்டாவது கடிதத்துலயே ஜெயிச்சுட்டார்ம்மா," என்றேன். "என்கிட்ட சொல்லத்தான் அவருக்கு மனசு வரல."