ஹரோல்ட் வீட்டுச் சலவைத்தூள்

"நீங்களே போய் முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க—"

"நான் எதுக்குச் சொல்லணும், பாஸ்டர்கிட்ட தலையாட்டினது நீ—"

"தூளு செய்யறது நீங்கதானே."

ரிட்டயரானதும் பூந்திக்கொட்டையும் சலவைச் சோடாவும் அரைத்து, வீட்டிலேயே சலவைத்தூள் செய்யத் தொடங்கியவர் ஹரோல்ட். அவர் மனைவி ஷைலா துவைத்துத் தந்த பாஸ்டரின் வெள்ளை அங்கியைப் பார்த்த நாற்பது குடும்பங்கள், கிறிஸ்துமசுக்குள் அதே தூள் வேண்டுமென்று கேட்டிருந்தன.

"கோச்சிக்காதீங்க," என்றாள் ஷைலா. "உங்க தூளுல அழுக்கே போகல. உங்க மனசு நோகுமேன்னு தினம் ஒரு கரண்டி பாத்ரூம்ல கொட்டிட்டு, ராபர்ட்சன்பேட்டை கடையில வாங்கின தூளுலதான் துவைக்கிறேன்."

ஹரோல்ட் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"அரைச்சு அரைச்சுத் தோள்பட்டை போச்சு ஷைலா. ஆறு மாசமா நானும் ராபர்ட்சன்பேட்டையிலதான் வாங்கறேன். நிறத்துக்குக் கொஞ்சம் பூந்திக்கொட்டைத் தூளைக் கலந்து டப்பாவுல போட்டு வைக்கிறேன்."

"அடப்பாவி மனுஷா, அதான் பாத்ரூம் தரை அப்படிப் பளபளங்குதா?"

ஷைலாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது வாசலில் பாஸ்டரம்மாவின் குரல் கேட்டது.

"ஷைலா, பெண்கள் ஐக்கியத்துல எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டேன். அண்ணன் எப்படி அரைக்கிறாருன்னு பார்க்கணுமாம். உள்ள வரலாமா?"